ஏகமனதாய் ஓர் எல்லை

கடிதத்தை மூன்றாந்தரம் வாசித்து முடித்தபோதுதான், தன் ஊரை இரண்டாக வெட்டப் போகிறார்கள் என்பதும், அதைத் தடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தவணை என்பதும் அப்புத்துரைக்கு விளங்கின. அன்று திங்கட்கிழமை.

அக்கராயனிலிருந்து உள்ளே நாலு கட்டை, அதாவது நாலு மைல், போனால் கூழாவடிக்குளம் வரும். மொத்தம் அறுபத்து மூன்று வீடுகள். இதுவரைக்கும் முழு ஊரும் பிரதேச சபையின் ஒரே வட்டாரத்துக்குள் இருந்தது. இப்போது வட்டாரங்களைக் குறைத்து, எல்லைகளைப் புதிதாகக் கீறப் போகிறார்களாம். கடிதத்தோடு வந்த வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு ஊரின் நடுவீதியால் நேராக ஓடியது. வீதிக்கு அந்தப் பக்கம் கிழக்கு வட்டாரத்தின் வால். இந்தப் பக்கம் மேற்கு வட்டாரத்தின் வால். ஊருக்கு இது பிடிக்காவிட்டால், பொதுமக்கள் தாங்களே ஒரு மாற்று எல்லையைக் கீறி, ஊர்ச் சங்கத்தின் ஊடாகக் கிளிநொச்சிக் காரியாலயத்துக்கு அனுப்பலாம் என்று கடிதம் சொன்னது. "வேண்டாம்" என்று எழுதினால் மட்டும் போதாது. கோடு வேண்டும்.

விசயம் சின்னதில்லை. போன மாரி மழையில் குளத்து வீதி மதகு உடைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சபை உறுப்பினர் அதை ஒருமுறையாவது வந்து எட்டிப் பார்த்தார் என்றால், ஊரின் நூற்றைம்பது வாக்கும் ஒரே இடத்தில் கிடந்ததால்தான். அதைப் பாதி பாதியாக இரண்டு உறுப்பினர்களிடம் கொடுத்தால், மற்றவர் பார்ப்பார் என்று இரண்டு பேருமே இருந்துவிடுவார்கள்.

அப்புத்துரை கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். பதினொரு வருடமாக அவர்தான். பொதுக்கூட்டத்துக்கு வேறொருவரும் வராததால் ஒவ்வொரு வருடமும் போட்டியில்லாமல் தெரிவாகி வந்தார். அதற்கு முன் நீர்ப்பாசனப் பகுதியில் வாய்க்கால் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசன். கை சுத்தம். ஒரேயொரு குறை, எதையும் விளங்கப்படுத்தாமல் விடமாட்டார். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் முறையை அவர் விவசாயிகளுக்கு விளங்கப்படுத்தி முடிக்கும்போது, தண்ணீர் பெரும்பாலும் ஓடி முடிந்திருக்கும்.

அவருடைய மனைவி சிவலட்சுமி குசினி அடுப்படியில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டே கடிதத்தை முழுவதும் கேட்டாள். ஊரை உடைக்காமல் ஒரு பக்கமாகச் சேர்த்து விடுங்கோ என்று கோட்டைக் கீறி, கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பது அவளுடைய அபிப்பிராயம்.

அப்புத்துரை கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விளக்கம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம்.

"அது என்ர கருத்து, சிவலட்சுமி. அவங்கள் கேட்டிருக்கிறது பொதுமக்கள் கருத்து. பொதுமக்களைக் கேளாமல் பொதுமக்கள் கருத்தை எழுதினால் அதுக்குப் பேர் சர்வாதிகாரம்."

"அப்ப கேளுங்கோவன்," என்றாள் சிவலட்சுமி.

அந்த இரண்டு சொல்லுக்காக அவள் அந்தக் கிழமை முழுவதும் ஊராரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, சனசமூக நிலையத்து ஒலிபெருக்கி இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. பிறகு அப்புத்துரையின் குரல் வந்தது. எல்லைப் பிரச்சினை தொடர்பாகப் பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்படவிருப்பதால், எல்லை உள்ள அனைவரும் பின்னேரம் நாலு மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்துக்குத் தவறாமல் சமூகமளிக்கவும் என்றது. ஒருதரம் சொன்னால் விளங்காது என்று பதினொருதரம் சொன்னது. பால் கறந்துகொண்டிருந்த பழனியாண்டியின் மாடு ஏழாந்தரத்தில் வாளியை உதைத்துவிட்டது.

நாலு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. கதிரை காணாமல் சனம் யன்னலுக்கு வெளியிலும் நின்றது. பதினொரு வருடத்தில் இப்படியொரு கூட்டத்தை அப்புத்துரை கண்டதில்லை. அவருக்குக் கண் கலங்கியது. பொதுமக்கள் விழித்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

பொதுமக்கள் காணி உறுதிகளோடு வந்திருந்தார்கள். சிலர் அளவு நாடாவோடு வந்திருந்தார்கள். விவசாயி நடராசா, சாட்சிக்காக வேலிக்கு நட்டிருந்த ஒரு பச்சைக் கதியால் தடியையே பிடுங்கி, மண்ணோடு தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கதியால் பக்கத்து வீட்டுத் தர்மிளா ரீச்சருடையது. ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிற ரீச்சர், தன் கதியாலை முழு ஊருக்கும் முன்னால் நடராசாவின் தோளில் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

இது வேலி எல்லை இல்லை, வாக்கு எல்லை என்று அப்புத்துரை நாலு தடவை விளங்கப்படுத்திப் பார்த்தார்.

"வாக்கைப் பற்றித்தான் நானும் கதைக்கிறன், தலைவர்," என்றார் நடராசா. "மாரிக்கு முதல் வேலியைப் பின்னுக்கு எடுக்கிறனெண்டு ரீச்சர் எனக்கு வாக்குத் தந்தவா. எங்க அந்த வாக்கு?"

மூன்று மணித்தியாலம் கூட்டம் நடந்தது. வட்டாரம் என்ற சொல்லை அப்புத்துரையைத் தவிர ஒருவரும் உச்சரிக்கவில்லை. அளவு நாடா கையில் இருந்ததால், அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லாமல் கிடந்த இரண்டு வேலிகளை அளந்து பார்த்து அவற்றிலும் பிரச்சினையைக் கண்டுபிடித்தார்கள். மண்டபத்துக்குள் ஒன்றாக வந்த அயலவர்கள் தனித்தனியாக வெளியே போனார்கள்.

பிழை தன்னுடையதுதான் என்று அப்புத்துரை ஒத்துக்கொண்டார். விளக்கம் போதவில்லை.

ஆகவே புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கி நாற்பது நிமிடம் பேசியது. வெள்ளைக்காரன் காலத்தில் கிராமச் சங்கங்கள் எப்படி இருந்தன என்பதில் தொடங்கி, வட்டாரம் என்றால் என்ன, வட்டாரம் அல்லாதது என்ன என்று ஒவ்வொன்றாக வந்து, அன்று பின்னேரம் கரப்பந்தாட்டத் திடலில் செய்முறை விளக்கம் நடக்கும் என்று முடிந்தது.

விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்புத் தூள் ஒரு சாக்கு இருந்தது. அப்புத்துரை அதைக்கொண்டு திடல் முழுவதும் ஊரின் படத்தைக் கீறினார். குளம், வீதி, வாய்க்கால், கோயில், பள்ளிவாசல், மதகு எல்லாம் வந்தன. வீட்டுக்கு ஒருவர் அவரவர் வீடு இருக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் கோடு எங்கே போகிறது, அது ஆரை வெட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

யோசனை மோசமில்லை. முதல் பத்து நிமிடம் சனம் சிரித்துக்கொண்டு ரசித்தது. பிறகு பின்னேர வெயில் சுடத் தொடங்கியது. யாராவது அசைந்தால் படம் குழம்பும் என்பதால் ஒருவரையும் அசைய அவர் விடவில்லை. தண்ணீர் குடிக்கப் போன ஒருவரை, வீட்டை விட்டிட்டு எங்க போறியள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். தர்மிளா ரீச்சர் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக் கூரை உயரம் கூடிவிட்டது என்று அதையும் மடக்கச் சொன்னார்.

அப்புத்துரை சாக்கைத் தூக்கிக்கொண்டு அரசாங்கத்தின் கோட்டைப் போட்டார். உடனே கருத்துகள் வந்தன. ஊரை உடைக்கக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்று. உடைக்காமல் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் சிக்கல். ஆஸ்பத்திரியும் பெரிய பள்ளிக்கூடமும் கிழக்கே இருப்பதால் கிழக்கோடு போகவேண்டும் என்றாள் ரீச்சர். வயலும் உரம் தருகிற கமநலக் காரியாலயமும் மேற்கே இருப்பதால் மேற்கோடு போகவேண்டும் என்றார் நடராசா. கிழக்கு என்றால் தன் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டிவிடச் சொன்னார்.

அரிசி ஆலை வைத்திருக்கிற முத்தலிப், ஆலைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் நெல் கொண்டு வருவதால் எந்தப் பக்கத்தையும் பகைக்க விரும்பவில்லை. கோடு ஆலைக்குக் கிட்ட வரும்போது கொஞ்சம் மெல்லிசாகப் போக ஏலாதா என்று கேட்டார்.

அது கருத்து இல்லை, அது வியாபாரம் என்றார் அப்புத்துரை.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய எட்டுக் குடும்பங்களுக்காகப் பழனியாண்டி பேசினார்.

"எங்க எட்டு வீடும் ஒண்ணா இருந்தாப் போதுங்க, தலைவரே. கிழக்கோ மேற்கோ, அது உங்க இஷ்டம். எங்கள ஏற்கனவே எத்தனையோ கோட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமா மாத்தியாச்சு."

ரீச்சர் தலையாட்டினாள். நடராசாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் விட்டிருந்தால் ஊர் அப்போதே ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

"அது கருத்து இல்லை, பழனியாண்டி," என்றார் அப்புத்துரை கண்ணாடியைக் கழற்றியபடி. "அது விருப்பம். கருத்துக்கும் விருப்பத்துக்கும் வித்தியாசம் இருக்கு. சொல்லுறன் கேளுங்கோ."

சொன்னார். அரை மணித்தியாலம் சொன்னார். அதன் பிறகு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிற மனம் ஆரிடமும் மிஞ்சவில்லை. எல்லாரையும் சமாதானப்படுத்த அப்புத்துரை கோட்டை வளைக்கத் தொடங்கினார். நடராசாவுக்காக ஒரு வளைவு. அந்த வளைவு முன்பள்ளியை மேற்கே தள்ளியது. முன்பள்ளியைக் காப்பாற்ற இன்னொரு வளைவு. அது பள்ளிவாசலையும் முத்தலிப்பின் வீட்டையும் பிரித்தது. தொழப் போகிறபோதெல்லாம் வட்டாரம் மாறவேண்டுமோ என்று முத்தலிப்பின் மனைவி ஸுல்பா பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். அதற்கும் ஒரு வளைவு. பதினாலாவது வளைவில் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போனது. எது கிழக்கு, எது மேற்கு என்று கீறியவருக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் குளத்தடியிலிருந்து திரும்பிய மாட்டுப் பட்டி திடலுக்கூடாக நடந்து, ஊர் முழுவதையும் அழித்துவிட்டுப் போனது.

சனம் மாடுகளை நன்றியோடு பார்த்தது.

வியாழக்கிழமை காலை ஒலிபெருக்கி, தலைவர் இன்று வீடு வீடாக வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திப்பார் என்று அறிவித்தது. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்ற ஒழுங்கையும் வாசித்தது. இதனால் ஒளிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு நேரம் தெரிந்தது.

அவர் போன முதல் ஆறு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, ஆட்கள் இல்லை. ஏழாவது வீட்டில் ஒரு கிழவர் அகப்பட்டார். அவருக்குக் காது கேளாது. அவரிடம் அப்புத்துரை முக்கால் மணித்தியாலம் செலவழித்தார். நடராசா அன்று வழக்கத்துக்கு மாறாக வயலின் நட்டநடுவில் நின்று களை பிடுங்கினார். வரம்பில் நின்று அப்புத்துரை கூப்பிட்டபோதெல்லாம் கையை மட்டும் அசைத்தார். முன்பள்ளிக்குப் போனால், ரீச்சர் பிள்ளைகளைப் பாட வைத்திருந்தாள். ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு. இடையில் மூச்சு விடவும் பிள்ளைகளை அவள் விடவில்லை.

அகப்பட்ட ஒன்றிரண்டு பேரும், நீங்கள் எப்படிச் சொல்லுறியளோ அப்படியே செய்யுங்கோ தலைவர் என்றார்கள். அது கருத்து இல்லை என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்கு அவர் அரிசி ஆலைக்குப் போனார். முத்தலிப் விடியவே கிளிநொச்சிக்குப் போய்விட்டார், வர இருட்டிவிடும் என்றாள் ஸுல்பா. உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் முத்தலிப்பின் செருப்புக் கிடந்தது. பரவாயில்லை, இருக்கிறன் என்று சொல்லி அப்புத்துரை ஒரு நெல் மூட்டையின்மேல் உட்கார்ந்தார். ஸுல்பா பிளேன்ரீ போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, வட்டாரங்களின் வரலாற்றை அவளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

ஸுல்பா பொறுமையான பெண். ஆனாலும் ஒரு மணித்தியாலம் கழிய அவளே எழுந்து உள்ளே போனாள். தாழ்ந்த குரலில் ஏதோ கடுமையாகச் சொல்வது கேட்டது. சற்று நேரத்தில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து தலை முதல் கால் வரை தவிடு படிந்தபடி முத்தலிப் எழுந்து வந்தார். கிளிநொச்சிக்குப் போனவர் எப்போது வந்தார் என்று அப்புத்துரை கேட்கவில்லை. அவருக்கு இருந்த கவலையில் அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"நாளைக்குக் கடைசி நாள், முத்தலிப்," என்றார். "ஒரு கோடும் இல்லை. அவங்கள் எங்களை நடுவால பிளக்கப் போறாங்கள். நான் என்ன செய்யிறதெண்டு எனக்கே தெரியேல்லை."

தலைவருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது என்பதை முத்தலிப் அன்றுதான் முதன்முதல் கேள்விப்பட்டார். அவருக்கு மனம் இளகிவிட்டது. முகத்தில் இருந்த தவிட்டைத் தட்டியபடி யோசித்தார்.

ஆட்கள் மற்றவருக்கு முன்னால் ஒன்று சொல்வார்கள், மனதில் வேறொன்று இருக்கும் என்றார். படத்தைக் கொப்பி எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம். தேர்தல் மாதிரித்தான். அவரவர் வீட்டுக்குள் இருந்து கோட்டைக் கீறி, உறையில் போட்டு ஒட்டித் தரட்டும்.

"ஆனா ஒண்டு, தலைவர். ஒருத்தரும் பார்க்கக்கூடாது. நீங்களும் பார்க்கக்கூடாது. விளங்கப்படுத்தவும் கூடாது."

கடைசி நிபந்தனை அப்புத்துரைக்குக் கஷ்டமாக இருந்தது. என்றாலும் ஊருக்காக ஒத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடாமலே அவர் அக்கராயன் சந்திக்குப் போய், வரைபடத்தைப் பெரிதாக்கி அறுபத்து மூன்று போட்டோக் கொப்பி எடுத்து வந்தார். ஒரு வீடும் மாறிப்போகக்கூடாது என்று, எடுக்கும் முன்பே மூலப் படத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் கட்டம் கீறி, வீட்டுக்காரரின் பெயரையும் மணி மணியாக எழுதியிருந்தார். தன் வீட்டுக்குரிய படத்தை நிரப்ப அவர் மறுத்தார். தலைவர் நடுநிலையாக இருக்கவேண்டும். அதைச் சிவலட்சுமி வாங்கிக்கொண்டாள்.

"எப்படிக் கீறவேணுமெண்டால்..." என்று தொடங்கியவர் நிபந்தனை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

இரண்டு மணிக்குப் படங்களைப் பகிர்ந்தார். ஐந்து மணிக்குத் திருப்பித் தரவேண்டும். அதுவரைக்கும் என்ன நடக்கிறது என்று பார்க்காமலிருக்க வீட்டு முற்றத்தில் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்து பார்த்தார். ஏலவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, பார்க்காதவர் மாதிரி ஊரை ஒருசுற்று வந்தார்.

வந்தவருக்கு நம்பமுடியவில்லை. செவ்வாய்க்கிழமை சண்டை பிடித்த வேலிகளின் இரண்டு பக்கமும் நின்று சனம் தலைகளைச் சேர்த்துக் கதைத்துக்கொண்டிருந்தது. நடராசா, தர்மிளா ரீச்சரிடம் பென்சில் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கதியாலை அவர் திரும்ப நட்டுத் தண்ணீரும் ஊற்றியிருந்தார். பழனியாண்டியின் முற்றத்தில் எட்டுக் குடும்பமும் கூடியிருக்க, முத்தலிப் நடுவில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். சைக்கிளைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்று தலைவருக்கு வணக்கம் சொன்னார்கள். பதினொரு வருடத்தில் அப்படி ஒரு வணக்கம் அவருக்குக் கிடைத்ததில்லை.

ஐந்து மணிக்கு முன்னமே அறுபத்து மூன்று உறையும் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவரும் நேரில் கொண்டுவந்து தந்தார்கள். மனச்சுமை இறங்கிய முகங்கள். நடராசா போகும்போது தோளில் தட்டி, நீங்கள் இந்த ஊருக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை, தலைவர் என்று சொல்லிவிட்டுப் போனார். சிவலட்சுமி கடைசியாகத் தன் உறையை நீட்டினாள். அவள் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து அவர் கண்டு கனகாலம்.

வெள்ளிக்கிழமை காலை ஒலிபெருக்கி பேசவில்லை. அப்புத்துரை வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, உறைகளைப் பையில் வைத்து மடியில் அணைத்தபடி முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனார். வழி நெடுக அவருக்கு ஒரே யோசனை. அறுபத்து மூன்று வீடு, அறுபத்து மூன்று கோடு என்று வந்தால் என்ன செய்வது? குப்பையில் போட்டுவிட்டுச் சிவப்புக் கோட்டையே வைத்துக்கொள்வார்கள். ஊர் போய்விடும்.

கருத்துகளைப் பொறுப்பெடுக்கும் மேசையில் தாட்சாயினி என்ற உத்தியோகத்தர் இருந்தாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் இருக்கும். முன்னால் கடதாசி மலைபோல் குவிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே களைப்புத் தெரிந்தது. ஓர் ஊரில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு எல்லையோடு வந்து மேசைக்கு முன்னாலேயே கட்டிப்புரண்டதாகச் சொன்னாள். பதிவதற்காகப் பெயரைக் கேட்டாள்.

"பேரை விடுங்கோ, பிள்ளை. கூழாவடிக்குளம், தலைவர் எண்டு போடுங்கோ. இது என்ர வேலை இல்லை, ஊரின்ர வேலை."

அவள் உறைகளைக் கிழித்து, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஐந்தாவது படத்தில் அவளுடைய கை நின்றது. திரும்ப முதல் படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து யன்னலடிக்குப் போய், ஐந்து படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னும் பத்தைச் சேர்த்தாள். கடைசியில் முழுவதையும் மேசையில் பரப்பி எண்ணத் தொடங்கினாள்.

ஏதாவது பிழையோ என்று அப்புத்துரை பயந்துபோய்க் கேட்டார்.

"பிழை இல்லை, ஐயா. எல்லாரும் ஒரே கோட்டைத்தான் கீறியிருக்கினம். இவ்வளவு நாளில ஒரு ஊரும் இப்படித் தரேல்லை. வந்து பாருங்கோ."

அப்புத்துரை, தான் பார்க்கமாட்டேன், பார்ப்பதில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லி, சுவரில் தொங்கிய கலண்டரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியதும் அதற்கு ஒரு காரணம்.

பிறகு கலண்டரைப் பார்த்தபடியே பேசினார். சனத்துக்கு அறிவில்லை என்று சொல்வது பிழை, அவர்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான் என்றார். காலை ஐந்தரை மணிக்கே எழும்பி ஒலிபெருக்கியில் சொன்னதைச் சொன்னார். சுண்ணாம்பைச் சொன்னார். வீடு வீடாக நடந்ததைச் சொன்னார். மற்ற ஊர்த் தலைவர்களுக்கும் இதைப் பழக்கவேண்டும், கூப்பிட்டால் தான் வந்து சொல்லித் தரத் தயார் என்றார்.

தாட்சாயினி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டாள். தெளிவான கோடு, ஊர் முழுவதும் ஒத்துக்கொண்ட கோடு, இதை மறுக்க ஒரு காரணமும் இருக்காது, கூழாவடிக்குளம் இனி உடையாது என்றாள். மதகுக்கும் விடிவு வரும் என்று அப்புத்துரை நினைத்துக்கொண்டார். அவருடைய கன்னத்தில் நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

அறிக்கையில் எழுதுவதற்காக அவள் கடைசிப் படத்தையும் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, சின்ன எழுத்தில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"முழு ஊரும் கிழக்கு வட்டாரத்தோட போகுது ஐயா, அப்புத்துரை எண்ட ஒராளின்ர வீட்டை மட்டும் எல்லாரும் வளைச்சு மேற்கில விட்டிருக்கினம், ஒருத்தர் மாத்திரம் அந்த வீட்டுக்குள்ள குசினி எண்டு தனியக் கீறி அதை ஊர்ப்பக்கம் எடுத்திருக்கிறார். ஆர் ஐயா, இந்த அப்புத்துரை?"